குடியிருப்போர் இடும் மதிப்பெண்

(கழகப் பயிற்சிப் பாசறையில் ஆற்றிய உரை)



"கட்டடங்களும் மக்களும்" என்ற தலைப்பு எனக்கு அளிக்கப்பட்டிருக்கிறது. கட்டடத்தைப் பற்றிப் பேச இவன் என்ன பொறியாளனா என்று நீங்கள் கேட்கலாம். பொறியாளன் அல்லன், நாடகம் எழுதுகிறவன். ஆனால் நாடகம் எழுதுகிறவனுக்கு ஒரு பாடம் தெரியும். மேடையை அளந்து அடித்த தச்சன் நாடகத்துக்கு மதிப்பெண் போட முடியாது. திரைச்சீலைக்கு வண்ணம் தீட்டியவன் போட முடியாது. எழுதியவனே கூடப் போட முடியாது. கடைசி வரிசையில், தரையில் துண்டை விரித்து உட்கார்ந்திருக்கிறானே, அவன் கொட்டாவி விட்டால் நாடகம் தோற்றது. அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டால் நாடகம் வென்றது. அந்தத் தேர்வைக் கட்டடத்துக்கும் வைக்க வேண்டும் என்று சொல்லவே இங்கே நிற்கிறேன்.

எந்த ஊரிலும் ஓர் அரசுக் கட்டடத்தின் முன்னே நின்று பாருங்கள். பளிங்குக் கல்லில் பொன்னெழுத்து மின்னும். அடிக்கல் நாட்டியவர் யார், திறந்து வைத்தவர் யார், முன்னிலை வகித்தவர் யார், செலவு எத்தனை இலட்சம், ஆண்டு என்ன, திங்கள் என்ன, நாள் என்ன — அத்தனையும் அதில் உண்டு. ஒன்றே ஒன்றுதான் இல்லை. அதில் குடியேறியவன் ஓராண்டு கழித்து என்ன சொன்னான் என்பது இல்லை! கட்டியவன் பெயரைக் கல் சுமக்கிறது. கட்டடத்தின் குறையைக் குடியிருப்பவன் சுமக்கிறான்.

இது ஏழையின் வீட்டுக்கு மட்டும் நேரும் கொடுமை என்பதைக் கவனியுங்கள். ஆளுவோர் தமக்கென்று ஒரு மாளிகை கட்டும்போது நடப்பது வேறு. இலண்டன் மாநகருக்கு வாருங்கள்.

1941ஆம் ஆண்டு மே மாதம் 10ஆம் நாள் இரவு. செர்மானிய விமானங்கள் பொழிந்த குண்டுகளால் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் மக்களவை மண்டபம் எரிந்து சாம்பலாயிற்று. மீண்டும் கட்ட வேண்டும். எப்படிக் கட்டுவது? 1943 அக்டோபரில் அந்த அவையே கூடி விவாதித்தது. அப்போது தலைமை அமைச்சராக இருந்தவர் சர்ச்சில். நம் விடுதலைக்குக் குறுக்கே நின்ற அந்த மனிதரிடம் நமக்கு உறவில்லை. ஆனால் அன்று அவர் பேசியதில் ஒரு பாடம் உண்டு. பழைய நீள்சதுர வடிவம்தான் வேண்டும், அரைவட்டம் வேண்டா என்றார். எதிரெதிராக அமர்ந்தால்தான் கட்சிக்குக் கட்சி வாதம் கூர்மையாகும் என்றார். எல்லா உறுப்பினருக்கும் இடம் இருக்கும்படி மண்டபத்தைப் பெரிதாக்கவும் கூடாது; பெரிதாக்கினால் வெற்றிருக்கைகளுக்கு முன்னே பேச நேரிடும், பேச்சில் உயிர் இராது என்றார். கட்டடத்தை நாம் வடிக்கிறோம், பிறகு கட்டடம் நம்மை வடிக்கிறது என்பது அவர் சொன்ன கருத்து. அவ்வண்ணமே கட்டினார்கள். 1950இல் திறந்த அந்த மண்டபத்தில் 600க்கும் மேற்பட்ட உறுப்பினருக்கு இருக்கை 427தான்!

தோழர்களே! இங்கே நடந்தது என்ன? உட்காரப் போகிறவர்களைக் கேட்டார்கள். உட்கார்ந்து பழகியவர்கள் பதில் சொன்னார்கள். சொன்னபடி கட்டினார்கள். நாட்டை ஆள்வோன் உட்காரும் பலகைக்கு இத்தனை விவாதம்! நாட்டுக்கு உழைப்போன் படுக்கும் தரைக்கு எத்தனை விவாதம் நடந்தது?

அதே 1950களில் அமெரிக்க நாட்டின் செயின்ட் லூயிஸ் நகரில் ஒரு விடை கிடைத்தது. அங்கே ஏழைகள் வாழ்ந்த சேரிகளை இடித்தார்கள். சேரியை ஒழிப்பது நல்ல நோக்கம், அதில் ஐயமில்லை. 57 ஏக்கர் நிலத்தில், 11 மாடி கொண்ட 33 கட்டடங்கள் எழுந்தன. 2,870 வீடுகள். 'புரூயிட்-ஐகோ' என்று பெயர். இரண்டாம் உலகப் போரில் பறந்த கறுப்பின விமானியின் பெயர் ஒரு பாதிக்கு. வெள்ளையரான நாடாளுமன்ற உறுப்பினரின் பெயர் மறு பாதிக்கு. ஏனென்றால், கறுப்பருக்கு ஒரு பாதி, வெள்ளையருக்கு ஒரு பாதி என்றே முதலில் வகுத்திருந்தார்கள்! ஊர் வேறு, சேரி வேறு என்று பார்த்துப் பழகிய நமக்கு இந்தக் கணக்குப் புதிதல்லவே!

வரைந்தவர் மினோரு யமசாக்கி. பின்னாளில் நியூயார்க் நகரின் இரட்டைக் கோபுரங்களை வரைந்த அதே கட்டடக் கலைஞர். உயர்ந்த கட்டடமும் தாழ்ந்த கட்டடமும் கலந்து இருக்கட்டும் என்பதே அவருடைய முதல் திட்டம். செலவைக் குறை என்றது அரசு. எல்லாம் ஒரே உயரமாக, ஒரே அச்சாக எழுந்தன. மரம் நடும் செலவு வெட்டப்பட்டது. விளையாட்டுத் திடலின் செலவு வெட்டப்பட்டது. தரைத்தளத்தில் கழிப்பறை கிடையாது. கீழே விளையாடும் பிள்ளைக்குத் திடீரென்று அவசரம் வந்தால் அது எங்கே ஓடும்? இந்தக் கேள்வியை எந்தப் பொறியாளனும் கேட்கவில்லை. பிள்ளை பெற்ற ஒரு தாயை அழைத்து வரைபடத்தைக் காட்டியிருந்தால் முதல் நிமிடத்திலேயே கேட்டிருப்பாள்!

மின்தூக்கியின் கதையைக் கேளுங்கள். அது எல்லா மாடியிலும் நிற்காது. தரைத்தளத்தை விட்டால் 4, 7, 10 ஆகிய மாடிகளில் மட்டுமே நிற்கும். மற்றவர்கள் ஒரு மாடி ஏறியோ இறங்கியோ போக வேண்டும். நிற்கும் மாடிகளில் நீண்ட தாழ்வாரங்கள். அங்கே தாய்மார்கள் துணி துவைப்பார்கள், அளவளாவுவார்கள், பிள்ளைகள் ஆடுவார்கள், ஒரு தெருவே வானத்தில் தொங்கும் என்று காகிதத்தில் கனவு கண்டார்கள். 1951இல் ஒரு கட்டடக்கலை இதழ் அதைப் பாராட்டி எழுதிற்று. ஒருவரும் குடியேறாத வீட்டுக்கு, வரைபடத்தைப் பார்த்தே வாழ்த்துப்பா!

வரைபடத்தில் நிற்கும் மனிதனைப் பார்த்திருக்கிறீர்களா? வாசலருகே ஒருவன் நிற்பான். மரத்தடியில் ஒருத்தி நடப்பாள். அவர்களுக்கு வியர்ப்பதில்லை. அவர்கள் கையில் குடம் இல்லை. இடுப்பில் குழந்தை இல்லை. இரவு வேலை முடிந்து தனியே திரும்பும் அச்சம் இல்லை. அந்தக் காகித மனிதனுக்காகக் கட்டிய வீட்டில் இரத்தமும் சதையும் கொண்ட மனிதன் குடியேறினான். அளவளாவ வகுத்த தாழ்வாரம் அஞ்சி ஓடும் பாதையாயிற்று. எவர் வருகிறார், எவர் போகிறார், எவர் வாசலுக்கு எவர் பொறுப்பு என்பது எவருக்கும் தெரியவில்லை. விளக்கு உடைந்தால் மாற்றுவாரில்லை. மின்தூக்கி நின்றால் கேட்பாரில்லை.

1957இல் நூற்றுக்கு 91 வீடுகளில் குடியிருந்தார்கள். பிறகு ஓடத் தொடங்கினார்கள். 1969இல் எஞ்சியிருந்த மக்கள் வாடகை கொடுக்க மறுத்து வேலைநிறுத்தம் போலப் போராடினார்கள். ஏறத்தாழ 9 மாதம் நீடித்தது அந்த அறப்போர். 1972 மார்ச் 16ஆம் நாள் முதல் கட்டடத்தை வெடி வைத்துத் தகர்த்தார்கள். 1976க்குள் 33ம் மண்ணோடு மண்ணாயின. குடியேறி 22 ஆண்டு முடிவதற்குள், தொட்டிலில் வந்த குழந்தை தோள் உயர வளர்வதற்குள், வீடு செத்துவிட்டது!

இனி வருவதைத்தான் நீங்கள் நெஞ்சில் பதிக்க வேண்டும். கட்டடம் விழுந்த பிறகு ஒரு குரல் எழுந்தது. என்ன குரல்? "இந்த ஏழைகளுக்கு எதைக் கட்டிக் கொடுத்தாலும் பாழாக்கிவிடுவார்கள்!" இந்தக் குரல் உங்களுக்குப் பழக்கமானதல்லவா? மாடி வீடு கட்டிக் கொடுத்தால் விற்றுவிட்டுக் குடிசைக்கே போய்விடுவான், குழாய் போட்டால் உடைத்துவிடுவான், சுவர் கட்டினால் துப்பிவிடுவான் — நம் நாட்டிலும் சாய்வு நாற்காலியில் அமர்ந்த சனாதனிகள் இதைத்தானே ஓதுகிறார்கள்!

இன்னொரு குரலும் எழுந்தது. குற்றமெல்லாம் கட்டடக்கலையின் மேல், இந்த வெடியோசையே நவீனக் கட்டடக்கலையின் சாவுமணி என்று திறனாய்வாளர் ஒருவர் நாளும் நேரமும் குறித்து எழுதினார். மக்கள் மேல் பழி போட்டவனும் தப்பித்தான். கற்கள் மேல் பழி போட்டவனும் தப்பித்தான்.

1991இல் காத்தரின் பிரிஸ்டல் என்ற அறிஞர் அந்தக் கட்டுக்கதையை உடைத்தார். வடிவம் மட்டுமா காரணம்? பராமரிப்புச் செலவு முழுதும் குடியிருப்போர் கொடுக்கும் வாடகையிலிருந்தே வர வேண்டும் என்று விதி. வாடகை கொடுக்க வேலை வேண்டும். அந்த நகரத்திலோ வேலைகள் வெளியேறிக் கொண்டிருந்தன. 1950இல் 8,56,796 பேர் வாழ்ந்த நகரில் 1970இல் 6,22,236 பேர்தான் மிஞ்சினார்கள். மக்கள் குறைய வாடகை குறைந்தது. வாடகை குறையப் பராமரிப்புக் குறைந்தது. பராமரிப்புக் குறைய மக்கள் மேலும் ஓடினார்கள். போதாக்குறைக்கு, உதவித்தொகை பெறும் குடும்பத்தில் உடல்வலுவுள்ள ஆண் ஒருவன் தங்கக் கூடாது என்றொரு நிர்வாக விதி! தந்தையை வெளியே துரத்திவிட்டு, பிள்ளை ஏன் கெட்டது என்று கேட்டது அரசு.

ஆகவே, ஒரு கட்டடம் எப்படிப் பயன்படுகிறது என்று மதிப்பிடப் புறப்படுகிறவன் சுவரை மட்டும் தட்டிப் பார்த்துத் திரும்பக் கூடாது. சுவர், படி, குழாய், விளக்கு ஆகியவற்றோடு வாடகை எவ்வளவு, வேலை எங்கே, பழுது பார்ப்பவன் யார், சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் சேர்த்தே எடை போட வேண்டும். அவ்வாறு எடை போடும்வரை, குற்றவாளிக் கூண்டில் ஏழையை ஏற்ற எவனுக்கும் உரிமை இல்லை!

இந்த எடை போடும் கலை ஒன்றும் கற்பனையல்ல. 1960களில் பிரிட்டனின் அரச கட்டடக் கலைஞர் கழகம், ஒரு கட்டடப் பணி தொடக்கம் முதல் முடிவு வரை செல்ல வேண்டிய படிகளை எழுத்து வரிசையில் வகுத்தது. இறுதிப் படியின் பெயர் 'எம்'. அந்தப் படியின் பணி என்ன? கட்டி முடித்துக் குடியேற்றிய பிறகு, கட்டியவன் திரும்பி வந்து, இது எப்படிப் பயன்படுகிறது என்று கேட்டறிவது. அழகான படி! ஆனால் அதற்குப் பணம் கொடுக்க யாரும் முன்வரவில்லை. 1972இல் அந்தப் படியையே நீக்கிவிட்டார்கள். செயின்ட் லூயிசில் வெடி வைத்த அதே 1972! கேட்காமல் கட்டியதன் விளைவு ஒரு நாட்டில் இடிந்து விழுந்த ஆண்டிலேயே, கேட்கும் கடமையை இன்னொரு நாடு ஏட்டிலிருந்து அழித்தது.

கேட்டால் என்ன கிடைக்கும் என்று ஐயுறுவோருக்கு இன்னொரு சான்று. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து மருத்துவமனை ஒன்றில், 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 நோயாளிகளின் பதிவேடுகளை ரோசர் உல்ரிச் என்ற ஆய்வாளர் புரட்டினார். 23 பேருடைய சாளரத்துக்கு வெளியே மரங்கள். மற்ற 23 பேருடைய சாளரத்துக்கு வெளியே செங்கற்சுவர். நோய் ஒன்றே, மருத்துவம் ஒன்றே. மரத்தைப் பார்த்துக் கிடந்தவர்கள் விரைவில் வீடு திரும்பினார்கள். கடுமையான வலிமருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. 1984இல் இந்த ஆய்வு வெளியாயிற்று. சாளரத்தை எந்தப் பக்கம் வைப்பது என்பது கொத்தனாருக்கு ஒரு கோடு. நோயாளிக்கு ஒரு நாள் வலி!

தோழர்களே! மேலைநாட்டுக் கதை போதும். நம் வீதிக்கு வருவோம்.

வகுத்தமைத்த சூழல் மனிதனை என்ன செய்யும் என்பதை நமக்கு எந்த மேலைநாட்டு அறிஞரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஊரென்றும் சேரியென்றும் இரண்டாகப் பிளந்த கிராமத்தை எவன் வகுத்தான்? கோயிலைச் சுற்றிய தெருவில் எந்தக் கால் நடக்கலாம், எந்தக் கால் நடக்கக் கூடாது என்று எவன் வரைந்தான்? 1924இல் வைக்கத்தில் தந்தை பெரியார் இருமுறை சிறை புகுந்தது எதற்காக? ஒரு தெருவில் நடப்பதற்காக! "இந்தத் தெரு யாருக்குப் பயன்படுகிறது?" என்ற வினாவை நம் இயக்கம் அன்றே எழுப்பிவிட்டது. அந்த வினாவின் தொடர்ச்சியைத்தான் இன்று நான் பேசுகிறேன்.

1970இல் தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் பிறந்தது. 1971இல் அதற்கான சட்டம் வந்தது. தொடக்க ஆண்டுகளில் எழுந்த அடுக்குக் குடியிருப்புகளில் பல, குடிசை இருந்த இடத்திலேயே, அல்லது அதன் அருகிலேயே எழுந்தன. குறை இருக்கலாம், அறை சிறிதாக இருக்கலாம், ஆனால் வேலை பக்கத்தில் இருந்தது, பள்ளி பக்கத்தில் இருந்தது, கடன் கொடுக்கும் மளிகைக் கடைக்காரர் பக்கத்தில் இருந்தார். 2000ஆம் ஆண்டு முதல் கண்ணகி நகர். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் செம்மஞ்சேரி. 2015 பெருவெள்ளத்துக்குப் பின் அடையாறு, கூவம் கரையோரத்து மக்கள் பெரும்பாக்கத்துக்கு. நகரின் நடுவிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டரும் அதற்கு மேலும். ஓலைக்குப் பதில் காங்கிரீட் கிடைத்தது; உண்மை. வெள்ளம் புகும் குடிசை போயிற்று, உண்மை. நன்றி சொல்ல வேண்டியவற்றுக்கு நன்றி சொல்வோம். ஆனால் தேர்வு முடியவில்லை. நாடகக்காரனல்லவா, ஒரு காட்சி எழுதிக் காட்டுகிறேன். பாத்திரங்கள் என் கற்பனை.

அதிகாரி: அம்மா, வீடு எப்படி இருக்கிறது?

மூதாட்டி: வீடு நன்றாகத்தான் இருக்கிறது ஐயா. பிழைப்புதான் பழைய இடத்திலேயே இருக்கிறது.

அதிகாரி: விளங்கவில்லையே!

மூதாட்டி: என் மகள் மயிலாப்பூரில் ஐந்து வீட்டில் பாத்திரம் துலக்கினாள். ஆறு மணி வேலைக்கு நடந்தே போவாள். இப்போது ஆறு மணிக்கு அங்கே நிற்க வேண்டுமென்றால் நாலரைக்கே இங்கே பேருந்துக்கு நிற்க வேண்டும். மூன்று வீட்டு வேலை போய்விட்டது.

அதிகாரி: ஏழாவது மாடி! நல்ல காற்று வருமே!

மூதாட்டி: காற்று தானே ஏறி வருகிறது ஐயா. மின்தூக்கி நின்ற நாளில் தண்ணீர்க் குடத்தை நானல்லவா ஏற்ற வேண்டியிருக்கிறது!

அதிகாரி (ஏட்டில் எழுதுகிறார்): "பயனாளி மகிழ்ச்சி தெரிவித்தார்."

சிரிக்கிறீர்கள். சிரித்துவிட்டுச் சிந்தியுங்கள். அந்தக் கடைசி வரியை எழுதும் பேனா எந்த ஆட்சியிலும் ஒரே பேனாதான்!

குடியிருப்பவன் சொல்லைக் கேட்பது இரக்கத்தின் பாற்பட்டது என்று எண்ணாதீர்கள், அறிவின் பாற்பட்டது. 2021 டிசம்பரில் சென்னை திருவொற்றியூரில் 24 வீடுகள் கொண்ட வாரியக் குடியிருப்புக் கட்டடம் ஒன்று சரிந்து விழுந்தது. ஓர் உயிர்கூடப் போகவில்லை. ஏன்? சுவரில் விரிசலைக் கண்ட மக்கள் விழுவதற்கு முன்னரே வெளியேறிவிட்டார்கள். அந்தச் சுவரைத் தினந்தோறும் பார்த்தவர்கள் அவர்கள். எந்த மழையில் எந்த மூலை ஒழுகும் என்பதும், எந்தப் படி ஆடுகிறது என்பதும் அவர்களுக்குத் தெரியும். கட்டடத்துக்கு நாடி பார்க்கத் தெரிந்த முதல் மருத்துவன் அதில் குடியிருப்பவனே!

வீடு மட்டுமா? வேலை செய்யும் இடத்தைப் பாருங்கள். துணிக்கடைக்குப் போகிறீர்கள். குளிர்ந்த காற்று, பளபளக்கும் தரை, வாங்க வந்தவருக்கு மெத்தென்ற இருக்கை. எதிரே நின்று சேலையை விரித்துக் காட்டும் பெண்ணுக்கு? முக்காலி ஒன்று கிடையாது! காலை முதல் இரவு வரை நிற்கிறாள். அந்தக் கடையை வரைந்தவர் அழகுக்குப் பரிசு பெறலாம். அவளுடைய வீங்கிய காலைக் கேட்டால் எத்தனை மதிப்பெண் கிடைக்கும்? கோழிக்கோட்டுப் பெண் தொழிலாளர்கள் போராடினார்கள். 2018இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றமும் கடைகளிலும் நிறுவனங்களிலும் பணியாற்றுவோருக்கு இருக்கை கட்டாயம் என்று சட்டம் செய்தது. உட்காரும் உரிமைக்குச் சட்டம் தேவைப்பட்டது என்றால், அந்தக் கடைகளை வரைந்தபோது எவரைக் கேட்டு வரைந்தார்கள் என்பது புரிகிறதல்லவா? சட்டம் வந்துவிட்டது, முக்காலி வந்துவிட்டதா? அதையும் போய்த்தான் பார்க்க வேண்டும்.

கேட்டுக் கட்டினால் என்ன நடக்கும் என்பதற்கும் நம்மிடமே சான்று உண்டு. கடற்கரைக்கு வந்தும் கடலைத் தொட முடியாமல், மணலில் சக்கரம் புதைய நின்றார்கள் மாற்றுத்திறனாளிகள். அலையில் கால் நனைக்க எங்களுக்கும் வழி வேண்டும் என்று நெடுங்காலம் கேட்டார்கள். 2022 நவம்பர் 27ஆம் நாள், மெரினாவில் 263 மீட்டர் நீள மரப்பாதை திறக்கப்பட்டது. இரு வாரம் முடிவதற்குள் மாண்டஸ் புயல் அதன் ஒரு பகுதியைப் பிய்த்தெறிந்தது. செப்பனிட்டார்கள். கேட்டவர்கள் இருந்ததால் கட்டினார்கள். பயன்படுத்துவோர் இருந்ததால் செப்பனிட்டார்கள். கட்டுவது ஒரு நாள் விழா. காப்பது அன்றாடக் கடமை என்பதை அந்தப் புயலும் நமக்குச் சொல்லிவிட்டுப் போயிற்று.

இனி உங்கள் பணி என்ன? சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஊரில் ஒரு குடியிருப்போ, பள்ளியோ, பேருந்து நிலையமோ, மருத்துவமனையோ திறந்து ஓராண்டு ஆனதும் அங்கே செல்லுங்கள். மாலை வேண்டா, மேளம் வேண்டா, அதிகாரியும் வேண்டா. ஒரு குறிப்பேடு போதும். சித்திரை வெயிலில் நண்பகலில் ஒரு முறை, ஐப்பசி மழையில் ஒரு முறை, இரவு ஒன்பது மணிக்கு ஒரு முறை செல்லுங்கள். நண்பகலில் கூரை பேசும். மழையில் சாக்கடை பேசும். இரவில் படிக்கட்டு பேசும்.

முதலில் பெண்களைக் கேளுங்கள். தண்ணீரும் அடுப்பும் இருட்டும் அவர்கள் பாடு. அடுத்து முதியோரைக் கேளுங்கள். படியின் உயரம் அவர்கள் முழங்காலுக்குத் தெரியும். பிள்ளைகளைக் கேளுங்கள், எங்கே விளையாடக் கூடாது என்று விரட்டுகிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். துப்புரவுத் தொழிலாளரைக் கேளுங்கள். மூடியை எங்கே வைத்துக் கட்டிவிட்டார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும். "நன்றாக இருக்கிறதா?" என்று கேட்காதீர்கள். கட்சிக்காரன் கேட்டால் "நன்றாக இருக்கிறது" என்றுதான் ஏழை சொல்வான். "நேற்று தண்ணீர் எத்தனை மணிக்கு வந்தது? மின்தூக்கி கடைசியாக நின்றது எப்போது? சரிசெய்ய எத்தனை நாள் ஆயிற்று? வேலைக்குப் போய்வரப் பேருந்துக்கு எவ்வளவு செலவு?" என்று கேளுங்கள். புகழ்ச்சிக்கு இடமில்லாத கேள்விகள் உண்மையைக் கொண்டு வரும்.

கேட்பதோடு நிற்காமல் பாருங்கள். மக்கள் தாமாகச் செய்துகொண்ட மாற்றங்களைப் பாருங்கள். சாளரத்தை அட்டை வைத்து அடைத்திருக்கிறார்களா? மழை உள்ளே அடிக்கிறது என்று பொருள். படிக்கட்டில் கூடி உட்கார்ந்திருக்கிறார்களா? திண்ணை வைக்க மறந்துவிட்டீர்கள் என்று பொருள். பூங்காவின் புல்லின் குறுக்கே ஒற்றையடிப் பாதை விழுந்திருக்கிறதா? பாதையைத் தவறான இடத்தில் போட்டுவிட்டீர்கள் என்று பொருள். தாழ்வாரத்தில் அடுப்பு இருக்கிறதா? சமையலறையில் புகை போக வழியில்லை என்று பொருள். இவற்றையெல்லாம் "அத்துமீறல்" என்று அதிகாரி எழுதுவார். நீங்கள் "திருத்தம்" என்று எழுதுங்கள். கட்டடம் என்ற விடைத்தாளில் மக்கள் தம் கையால் போட்ட சிவப்பு மைக் குறிகள் அவை!

இறுதியாக ஒரு கடினமான சொல். கழகம் கட்டியதென்றால் என்ன செய்வது? எதிர்க்கட்சி கட்டிய மண்டபத்தில் விரிசல் தேட நமக்குக் கண்கள் ஆயிரம். நாம் கட்டியதில் விரிசல் தெரிந்தால் கண்ணை மூடுவதா? 1997இல் தொடங்கிய பெரியார் நினைவு சமத்துவபுரத் திட்டத்தை எண்ணிப் பாருங்கள். 100 வீடுகளில் ஆதிதிராவிடருக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, ஏனையோருக்கு 10 என்று பங்கிட்டு, சாதிக்கொரு தெரு என்ற பழைய வரைபடத்தைக் கிழித்தெறிந்து, அடுத்தடுத்த வாசலில் அவர்களைக் குடியமர்த்திய திட்டம் அது. ஒரு கொள்கையே செங்கல்லாக எழுந்தது என்று நாம் மார்தட்டலாம். அதனால் அதற்குத் தேர்வு வேண்டாவா? அதற்குத்தான் முதலில் வேண்டும்! பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சேர்ந்து விளையாடுகிறார்களா? ஒரு வீட்டுக் குழம்பு மறு வீட்டுக்குப் போகிறதா? குடியேறியவர் இன்னும் அங்கேதான் இருக்கிறாரா, கதவு பூட்டிக் கிடக்கிறதா? இவற்றைப் போய்ப் பார்க்காதவன் அந்தத் திட்டத்தின் நண்பன் ஆகமாட்டான். திறப்பு விழாவில் கைதட்டியவன் நண்பன். பத்தாண்டு கழித்துக் கதவைத் தட்டியவன் தோழன்!

ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆட்சிக்கு மதிப்பெண் போடும் உரிமை மக்களுக்கு உண்டு. அதற்குப் பெயர் தேர்தல். ஆனால் அதே மக்களுக்கு, தாம் நாள்தோறும் ஏறும் படிக்கும், தம் பிள்ளை படிக்கும் பள்ளிக்கும், தம் தாய் படுத்திருக்கும் மருத்துவமனைக்கும் மதிப்பெண் போடும் உரிமை இன்னும் கைக்கு வரவில்லை. ஆட்சியைத் தேர்ந்தெடுக்கத் தகுதியுள்ளவனுக்கு அடுப்படியைப் பற்றிச் சொல்லத் தகுதி இல்லையா? அரசமைப்பையே ஆக்கவும் மாற்றவும் அதிகாரம் படைத்த மக்களுக்கு, ஒரு சாளரம் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று கூறும் அதிகாரம் இல்லையா?

ஆகவே, நம் கோரிக்கை இதுவாகட்டும். ஏழைக்கு வீடு வரையும் முன்னே அவனைக் கேள். குடியேற்றி ஓராண்டில் திரும்பி வந்து கேள். ஐந்தாண்டில் மறுபடி கேள். அவன் சொன்னதை, பளிங்குக் கல்லில் உன் பெயருக்குப் பக்கத்திலேயே பொறித்து வை! பெயரைப் பொறிக்கும் உரிமை வேண்டுமென்றால் மதிப்பெண்ணைப் பொறிக்கும் துணிவும் வேண்டும்.

அந்தத் துணிவு முதலில் நமக்கு வரட்டும். நாடா வெட்டிய கத்திரிக்கோலை மேசைமேல் வைத்துவிட்டு, குறிப்பேட்டைக் கையில் எடுங்கள். மாடிப்படியில் ஏறுங்கள். கதவைத் தட்டுங்கள். தாழ்ப்பாள் திறந்ததும், "அம்மா, நாங்கள் வாக்குக் கேட்க வரவில்லை, குறை கேட்க வந்திருக்கிறோம்" என்று சொல்லுங்கள். அந்த முகத்தில் மலரும் வியப்பே, நாம் இத்தனை நாள் போகாமல் இருந்ததற்கு ஆண்டவருக்கும் ஆள்வோருக்கும் கிடைக்கும் முதல் மதிப்பெண்!